சராசரி முகம்

பிப்ரவரி 9

அன்புள்ள அத்தைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் வழி முழுக்கக் குறட்டை விட்டார், நான் வழி முழுக்க முழித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்த பன்னை ஆய்வகத்து மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் வெறும் பைதான் இருந்தது. "உங்க மாமியாரையும் இங்கயே வேலைக்குச் சேத்துக்கலாமா?" என்று பேராசிரியர் கேட்டார். அவர் வாயோரத்தில் சர்க்கரை ஒட்டியிருந்தது.

போன் பண்ணாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனை எடுத்தால் நீங்கள் "ம்" என்கிறீர்கள், நான் "ம்" என்கிறேன், அப்புறம் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிவிட்டு வைத்துவிடுகிறோம். உங்கள் பிள்ளை போனதிலிருந்து நமக்குள் நடக்கிற பேச்சு இதுதான். எழுதினால் ஒரு விஷயத்தையாவது முழுசாகச் சொல்ல முடியும்.

விஷயம் சுவரில் மாட்டவேண்டிய அந்தப் படம்தான். இந்தத் தடவையும் கூடம் முழுக்க அவருடைய படங்களைப் பரப்பிவைத்துவிட்டு, ஒன்றைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாமல் திரும்ப டப்பாவில் போட்டோமே. "ஒரு படத்தைப் பொறுக்கத் துப்பில்லாத ரெண்டு பொம்பளைங்க" என்று நீங்கள் சொன்னது ரயிலில் நினைவு வந்து சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் கேட்பீர்கள், நான் மழுப்புவேன். இப்போது சொல்கிறேன். திரையில் பெரிதும் சிறிதுமாகக் கொஞ்சம் வட்டங்களைக் காட்டுவோம். கண் சிமிட்டுகிற நேரம்தான். பிறகு ஒரே ஒரு வட்டத்தைக் காட்டி, "இது அதுல இருந்துச்சா?" என்று கேட்டால் ஆட்கள் உளறுவார்கள். "மொத்தத்துல எவ்ளோ பெரிசு இருக்கும்?" என்று கேட்டால் மட்டும் ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். தனித்தனியாக எதையும் பிடித்துவைக்காமல் கண் கூட்டத்தைக் கூட்டமாகவே சுருக்கி எடுத்துக்கொள்கிறது. முகங்களிலும் இதே கதைதான். ஒரு கூட்டத்தைப் பார்த்த உடனே அது கோபமாக இருக்கிறதா குஷியாக இருக்கிறதா என்று நமக்குத் தெரிந்துவிடும். எந்த ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டால் தெரியாது.

இதை வைத்து எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. அதற்காகத்தான் படங்கள் இருந்த டப்பாக்களைக் கெஞ்சிக் கூத்தாடி எடுத்துவந்தேன். என்னவென்று இப்போது சொல்லமாட்டேன், செய்து அனுப்புகிறேன்.

கால்வலிக்கு அந்தத் தைலத்தைத் தடவுங்கள். மூடியைத் திறக்காமலே வைத்திருந்தீர்கள், பார்த்தேன்.

உங்கள்
மருமகள்

*

பிப்ரவரி 20

என் அருமை டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தை நம் பேக்கரி மாஸ்டருக்கும் படித்துக் காட்டினேன். அடுப்பு முன்னால் நின்றபடியே கேட்டுவிட்டு, "ஏம்மா, வட்டம் பாக்கறதுக்கா சின்னம்மா அவ்ளோ தூரம் போயிருக்காங்க? இங்கதான் தினம் தட்டு தட்டா வட்டம் வருதே" என்றார். எனக்கும் அதேதான் தோன்றியது, ஆனால் உன்னை விட்டுக்கொடுக்க முடியுமா? "உமக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம மாவைப் பிசையும்" என்றேன்.

பிறகு பார், அன்றைக்கே ஒரு வேடிக்கை. தட்டை வெளியே இழுத்ததும் ஒரு பார்வைதான் பார்த்தேன். "மாஸ்டர், இன்னைக்கு பன் சின்னது" என்றேன். "எந்த பன்னு?" என்றார். "எந்த பன்னுன்னு எனக்கென்ன தெரியும்? மொத்தமா சின்னது" என்றேன். தராசில் வைத்தால் மாவு குறைந்துதான் இருந்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை. ஆனால் மதியம் ஒரு வாடிக்கைக்காரர் கரிந்துபோன பன் ஒன்றைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார். அதே தட்டில் என் மூக்குக்கு நேரே இருந்திருக்கிறது, கண்ணில் படவே இல்லை. நீ சொன்ன கணக்கு சரிதான் போலிருக்கிறது.

பிரேம்காரர் நேற்றும் வந்தார். "கண்ணாடி வெட்டி வச்சிட்டு எவ்ளோ நாள்மா காத்திருக்கறது, படம் எங்க?" என்கிறார். நான் என்ன சொல்ல? உன் மாமனார் போனபோது இந்தத் தொல்லையே இல்லை. அவருக்கு இருந்தது மொத்தம் ஒரு படம், அடையாள அட்டைக்காக எடுத்தது. அதைப் பெரிதாக்கி மாட்டினோம். திருடனைப் பிடித்து உட்காரவைத்த மாதிரி முழிக்கிறார், இருந்தாலும் அவர்தான். உன் வீட்டுக்காரனுக்கோ சிநேகிதன் ஸ்டுடியோ வைத்திருந்தான். வேனில் ரொட்டி போடப் போகிற வழியில் இறங்கி நின்று படம் எடுத்துக்கொள்வான், அவனும் ஓசியில் பிரிண்ட் போட்டுக் கொடுப்பான். இப்போது அவதிப்படுவது நாம்.

எதை எடுத்தாலும் ஏதோ ஒன்று உதைக்கிறது. ஒன்றில் கண் மூடியிருக்கிறது. ஒன்றில் பந்தயத்துக்கு வளர்த்த அந்தக் கண்றாவி மீசை. ஒன்றில் இத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறான். வருகிறவர்கள் துக்கம் கேட்பார்களா, கூடச் சேர்ந்து சிரிப்பார்களா? எந்தப் படத்தைப் பார்த்தாலும் இது ஒரு நாள் அவன், மற்ற நாள் அவன் எங்கே என்று மனசு கேட்கிறது.

உன் யோசனை என்னவோ, சீக்கிரம் செய். தைலம் தடவினேன். நாற்றம் தாங்கவில்லை. ரொட்டியில் ஏறிவிடுமோ என்று மாஸ்டர் என்னைக் கடைக்குள்ளேயே விடவில்லை.

உன்
அத்தை

*

மார்ச் 8

அன்புள்ள அத்தைக்கு,

இதோடு வருகிற அட்டைக்குள் ஒரு படம் இருக்கிறது. பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

"ஒரு நாள் அவன், மற்ற நாள் அவன் எங்கே" என்று எழுதியிருந்தீர்களே, எனக்கும் அதேதான். அதனால் எல்லா நாளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். டப்பாவில் இருந்தவற்றில் நேராக அமைந்த படங்களை எல்லாம் கணினியில் ஏற்றி, கண்ணுக்கு மேல் கண், மூக்குக்கு மேல் மூக்கு, வாய்க்கு மேல் வாய் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, எல்லாவற்றுக்கும் நடுவான ஒரு முகத்தை எடுத்தேன். மீசை வைத்த அவரும் அதில் இருக்கிறார், வைக்காத அவரும் இருக்கிறார். சிரித்தவர், முறைத்தவர், தூக்கக் கலக்கத்தில் இருந்தவர், எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறார்கள். இனி யாரையும் விட்டுவிட்டோமே என்று நாம் வருத்தப்பட வேண்டியதில்லை.

கணினி மெதுவாகத்தான் கூட்டிக்கொண்டு போயிற்று. முதலில் கலங்கலாக இருந்தது. படம் சேரச் சேரத் தெளிந்துகொண்டே வந்து, கடைசியில் அவர் என்னைப் பார்த்தார். அத்தை, நான் ஆய்வகத்திலேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இப்படி ஒரு படத்தை யாரும் எடுத்ததே இல்லை, ஆனாலும் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தப் படத்தைவிடவும் இதில்தான் அவர் அவராக இருக்கிறார்.

பிரேம்காரரின் அளவுக்கே பிரிண்ட் எடுத்திருக்கிறேன். மாட்டியதும் எழுதுங்கள்.

உங்கள்
மருமகள்

*

மார்ச் 19

பார்சல் வந்தது.

யார் இவன்?

இடது புருவத்தில் ஒரு வெட்டு இருக்கும். சின்ன வயதில் தட்டு அடுக்கும் இரும்பு அலமாரியில் ஏறி, தலைகீழாக விழுந்து வாங்கியது. ரத்தத்தை என் முந்தானையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினேன். அந்த வெட்டு எங்கே? சிரித்தால் வாய் ஒரு பக்கமாக ஏறும், ஏதோ திருட்டுத்தனம் பண்ணிவிட்டு வந்தவன் மாதிரி. அது எங்கே? பரு எங்கே, பருவைக் கிள்ளிக் கிள்ளி வந்த குழி எங்கே?

தரகர் பையில் வைத்துக்கொண்டு அலைவாரே, மாப்பிள்ளை படம், அப்படி இருக்கிறான். மழமழவென்று, அழகாக, நல்ல பிள்ளையாக. என் பிள்ளை நல்ல பிள்ளை இல்லை. என்னிடம் பொய் சொல்வான், சண்டை போடுவான், ரொட்டி போட்டுவிட்டு வா என்றால் பாதி வழியில் வேனை நிறுத்திவிட்டுப் பந்து விளையாடுவான். இந்தப் படத்தில் இருக்கிறவன் இதில் ஒன்றைக்கூடச் செய்திருக்கமாட்டான். இவனை நான் பெறவில்லை.

உனக்கு அவன் முகம் மறந்துபோய்விட்டது. அதை மறைக்க ஒரு பொம்மை செய்து எனக்கும் அனுப்பியிருக்கிறாய்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

*

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

முதலில் வந்தது கோபம்தான். புருவத்து வெட்டு மெல்லிய கோடு, படத்துக்குப் படம் ஒரு நூல் அளவு தள்ளி விழுகிறது, எல்லாவற்றையும் சேர்க்கும்போது கரைந்துவிடும். பருவும் குழியும் அப்படித்தான். இது கணக்கின் குறை, என் குறை இல்லை என்று இரண்டு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். ஏனென்றால் நீங்கள் சொன்னது உண்மை.

எனக்கு அவர் முகம் வருவதில்லை.

இது எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. ஒரு நாள் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். சும்மா அவரை நினைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அவர் சிரிப்பார் என்று தெரிந்தது, ஒரு சிரிப்பும் வரவில்லை. கோபப்படுவார் என்று தெரிந்தது, எந்தக் கோபமும் வரவில்லை. பொதுவாக ஒரு முகம் வந்து நின்றது. பேருந்து வந்தது, நான் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

எங்கள் சோதனையில் ஒன்று உண்டு. கொஞ்சம் முகங்களைச் சட்டென்று காட்டுவோம். பிறகு அவை எல்லாவற்றுக்கும் நடுவான முகத்தைக் காட்டி, "இது அதுல இருந்துச்சா?" என்று கேட்போம். அது அந்தக் கூட்டத்தில் இருந்தே இருக்காது. ஆனாலும் பலர், "இருந்துச்சு, நான் பாத்தேன்" என்று அடித்துச் சொல்வார்கள். உண்மையில் இருந்த முகங்களைக் காட்டினால் சந்தேகப்படுவார்கள். வருகிறவர்கள் இப்படிச் சொல்லும்போது எனக்குள்ளே சிரித்துக்கொள்வேன். அந்தப் படம் திரையில் தெளிந்து வந்தபோது நானும் அதையேதான் செய்தேன், இவரைப் பார்த்திருக்கிறேன் என்று. நீங்கள் ஒருவர்தான் இல்லை என்றீர்கள்.

ஒன்றை வெளிப்படையாகக் கேட்டுவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு என்னால் வேலை பார்க்க முடியவில்லை. நான் உங்களுக்கு அவர் வழியாக வந்தவள். உங்களைப் பெற்றவளாக நினைத்து நான் சண்டை போட்டதும், நீங்கள் என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டதும் எல்லாம் அவர் இருந்ததால் நடந்தது. இப்போது அவரும் இல்லை, அவர் முகத்தைக்கூட எனக்குப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. இப்படிப்பட்டவளுக்கு உங்கள் வீட்டில் என்ன இடம்? ஜூன் மாதம் எங்களுக்கு விடுமுறை. வா, அல்லது வராதே என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உங்கள்
மருமகள்
(இப்படிக் கையெழுத்துப் போடலாமா என்றும் தெரியவில்லை)

*

ஏப்ரல் 24

மருமகளுக்கு,

இப்படியே போடு. அடைப்புக்குறிக்குள் உளறாதே.

தாமதத்துக்குக் காரணம் கோபம் இல்லை, குழப்பம். அந்தப் படத்தைப் பீரோவுக்குள் துணிக்கு அடியில் தள்ளிவிட்டேன். பிறகு உன் கடிதம் வந்தது. திரும்பவும் வெளியே எடுத்தேன், கடைக்குக் கொண்டுபோனேன், கல்லாவுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். யார் என்ன சொல்கிறார்கள் பார்க்கலாம் என்றுதான்.

மாஸ்டர் மாவுக் கையோடு வந்தார். பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். "தம்பி" என்றார். பிறகு கண்ணைத் துடைக்கப் போய், கண்ணெல்லாம் மாவு. எதிர்க்கடைத் தையல்காரர், "அச்சு அசல்மா, எங்க எடுத்தது?" என்றார். ரொட்டி வாங்கவந்த பள்ளிக்கூட டீச்சர் பார்த்துவிட்டு மிச்சச் சில்லறை வாங்காமலே போய்விட்டார். எல்லாருக்கும் அது அவன்தான். எனக்கு மட்டும்தான் யாரோ.

எனக்கு ஆங்காரம் வந்தது. இவர்களுக்கு என்ன தெரியும், வேனில் போகும்போது கை காட்டினவர்கள்தானே, நான் பெற்றவள் இல்லையா என்று. சரி, அவன் முகத்தை நாமே வரவழைத்துப் பார்ப்போம் என்று கண்ணை மூடினேன். புருவத்து வெட்டு, ஏறின வாய், எல்லாம் உனக்கு வரிசையாக எழுதினேனே, அவை வரட்டும் என்று காத்திருந்தேன்.

வரவில்லையடி.

வந்தது பிடரி. சின்னப் பையனாக இருந்தபோது காய்ச்சலில் என் மடியில் குப்புறப் படுத்திருந்தான். வேர்த்துப்போன பிடரியும் அதில் ஒட்டிக்கொண்ட முடியும்தான் வந்தன. திருப்பிப் படுக்கவைக்கப் பார்த்தேன், திரும்ப மாட்டேன் என்கிறான். வெட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பார்க்க முடியவில்லை. மறந்துவிட்டாய் என்று உன்னைத் திட்டின வாய் இது. அந்தக் கடிதத்தை இனி நீ எடுத்துப் படிக்காதே, அடுப்பில் போடு.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதுகிறது எல்லாம் மேடையில் பேசுகிறவன் வசனம் மாதிரி இருக்கிறது, எனக்கே சகிக்கவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் நீ எடுத்துப்போன டப்பாக்களைத் திருப்பி அனுப்பிவிடு. எல்லாவற்றையும், ஒன்று விடாமல்.

உன்
அத்தை

*

மே 4

அன்புள்ள அத்தைக்கு,

பிடரியைப் பற்றி நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்களை அங்கே தனியாக விட்டுவிட்டு இங்கே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே என்று முதல்முறையாக என்மேலேயே எரிச்சல் வந்தது. உங்களுக்கும் வரவில்லை என்பதில் எனக்கு ஆறுதல் இருந்தது, அதற்கும் வெட்கமாக இருந்தது.

டப்பாக்களை இன்றைக்கே அனுப்பிவிட்டேன். அவை உங்களுடையவை, கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் டப்பாக்களை மட்டும் கேட்டதில் எனக்குப் பதில் புரிந்துவிட்டது. வருத்தப்படுகிறேன், ஆனால் கோபம் இல்லை. நீங்கள் என்னை வைத்துக்கொண்ட அளவுக்கு யாரும் மருமகளை வைத்துக்கொண்டதில்லை, அதற்கு மேல் கேட்பது பேராசை. ஜூனுக்கு நான் டிக்கெட் எடுக்கவில்லை.

டப்பாக்களோடு ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டும் இருக்கிறது. அவை நான் கணக்கில் சேர்க்காத படங்கள். முகம் நேராக இருந்தால்தான் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும், இவை பொருந்தவில்லை. தொலைந்துவிடக்கூடாது என்று தனியாகக் கட்டிவைத்தேன். அவற்றைப் பார்க்கக்கூட இல்லை என்பதுதான் உண்மை. ஒதுக்கும் வேகத்தில் ஒதுக்கிவிட்டேன்.

அந்தப் பெரிய படத்தை வீசிவிடாதீர்கள். வேண்டாமென்றால் எனக்கே அனுப்பிவிடுங்கள், எனக்கு இப்போது அதுதான் இருக்கிறது.

காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
மருமகள்

*

மே 17

மக்கு மருமகளே,

இவ்வளவு படித்தும் உன் மண்டையில் இதுவா ஏறியது? டப்பாவைக் கேட்டால் உறவை அறுத்துவிட்டேன் என்று அர்த்தமா? உன் கணக்கில் உன் ஆளைத் தேடினாய், என் கண்ணால் என் ஆளை நான் தேட வேண்டாமா? அதற்குத்தான் கேட்டேன். பதில் எழுதத் தெரியவில்லை என்று எழுதினால் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். நீயாக ஒன்றை முடிவு கட்டிக்கொண்டு, டிக்கெட்டும் எடுக்காமல், தியாகி மாதிரி ஒரு கடிதம் வேறு. படித்துவிட்டு மாஸ்டரிடம் திட்டித் தீர்த்தேன். "என்னை ஏம்மா திட்டறீங்க?" என்றார். கையில் சிக்கினவர் அவர்தானே.

இப்போது நான் சொல்வதை நிதானமாகப் படி.

பார்சல் வந்த அன்று மதிய வியாபாரம் முடிந்ததும், மாவு உருட்டுகிற நீள மேஜையைத் துடைக்கச் சொன்னேன். டப்பாக்களில் இருந்ததை முதலில் பரப்பினேன். நேராகப் பார்க்கிற படங்கள், உன் கணக்கில் சேர்ந்தவை. ஒவ்வொன்றாக எடுத்து வெட்டைத் தேடினேன், கிடைத்தது. ஏறின வாயும் கிடைத்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எதையும் மாட்டலாம் என்று கை போகவில்லை. நம் பழைய வியாதி. வாரி எடுத்து உள்ளே போட்டேன்.

பிறகு அந்த ரப்பர் பேண்டுக் கட்டு. கட்டா அது? மூட்டை. முதலில் எடுத்தது கழுத்துச் சுளுக்குக்காரன் மாதிரி ஒரு பக்கம் திரும்பியிருக்கிற படம். இதை யார் எடுத்தது, கூப்பிட்டு நிமிரச் சொல்லக்கூடாதா என்று வைத்தேன். அடுத்ததும் அப்படித்தான். ஒன்றில் பாதி முகம், ஒன்றில் காது மட்டும். மருமகள் ஒதுக்கினதில் தப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டே வரிசையாக அடுக்கிக்கொண்டு போனேன். மேஜை நிரம்பிவிட்டது. மாவு மூக்கில் ஏறித் தும்மல் வந்தது, படத்தின்மேல் தும்மக்கூடாதே என்று வாசல் வரைக்கும் ஓடிப்போய்த் தும்மிவிட்டுத் திரும்பினேன்.

அங்கிருந்தே பார்த்தேன். தட்டைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வைதான்.

மேஜை முழுக்க இருக்கிறவன் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிறான்.

எனக்குப் புரியவில்லை. கிட்டே வந்து ஒன்றை எடுத்தால் ஒன்றுமே தெரியவில்லை, யாரோ கூப்பிட்டுத் திரும்பினவன் மாதிரிதான் இருக்கிறது. வாசலுக்குப் போய்ப் பார்த்தால் திரும்பவும் எல்லாரும் ஒரே பக்கம். மாஸ்டரைக் கூப்பிட்டேன். அவரும் வாசலில் என்னோடு நின்று பார்த்தார். "ஏம்மா, இது தெரியலையா? சின்னம்மா எப்பவும் அந்தப் பக்கம்தானே நிப்பாங்க" என்றார்.

உனக்குக் கன்னத்தில் அந்த மரு இருக்கிறதே, அது படத்தில் விழக்கூடாது என்று யார் படம் எடுத்தாலும் ஓடிவந்து, அந்தக் கன்னத்தை அவன் தோளுக்குப் பின்னால் மறைத்து, அவனுக்கு ஒரே பக்கமாகத்தான் நிற்பாய். எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறேன்! பாதிப் படத்தில் நீ இருக்கிறாய். மீதியில் உன் தோளோ, முழங்கையோ, துப்பட்டா நுனியோ இருக்கிறது. படம் எடுத்தவன் "இங்க பாருடா" என்று கத்தியிருப்பான், நீயும் ஒழுங்காக நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறாய். அவன் மட்டும் உன்னைப் பார்க்கிறான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. மீசை வைத்த அவன், வைக்காத அவன், பரு வந்த அவன், மழையில் நனைந்த அவன், எல்லாரும் பார்க்கிறார்கள். நீ அதை ஒரு தடவைகூடப் பார்த்திருக்கமாட்டாய், நீதான் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாயே.

முகத்தை எடுக்கிறேன் என்று உட்கார்ந்து, அவன் உன்னைப் பார்த்த படத்தை எல்லாம் பொறுக்கி வெளியே போட்டிருக்கிறாயடி பாவி. மாவு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். சிரிப்பும் கூடவே வந்தது. மாஸ்டர் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "நான் வெளிய நிக்கறேன்மா" என்று போய்விட்டார்.

உன் கேள்விக்கு இப்போது என்னால் பதில் எழுத முடியும். முகம் மறந்துபோனால் போகட்டும், எனக்கும்தான் மறந்துபோகிறது. நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். அவன் வழியாக வந்தவள் என்று எழுதியிருந்தாய். வந்த வழி எதுவாக இருந்தால் என்ன, வந்து சேர்ந்தாய் அல்லவா? நாளைக்கு உன் வாழ்க்கையில் வேறு ஒருவர் வந்தாலும் அவரையும் கூட்டிக்கொண்டு நீ இந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும். அவருக்கும் தைலம் தடவத் தெரிந்தால் நல்லது.

பெரிய படத்தை மாஸ்டருக்குக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அவர் கேட்டார். அடுப்புக்கு எதிரே மாட்டியிருக்கிறார், தட்டை இழுக்கும்போதெல்லாம் "பாத்தியா தம்பி" என்கிறார். அவருக்கு அது அவன்தான், நான் குறுக்கே பேசவில்லை.

நான் மேஜையிலிருந்து ஒன்றை எடுத்துவைத்திருக்கிறேன். வேன் கதவுக்குப் பக்கத்தில் எடுத்தது. அவன் உன் பக்கம் திரும்பி ஏதோ சொல்கிறான், வாய் ஒரு பக்கம் ஏறியிருக்கிறது, வெட்டும் தெரிகிறது. நீ கண்ணை மூடிக்கொண்டு வாயைப் பிளந்து சிரிக்கிறாய், மரு உள்பட எல்லாம் விழுந்திருக்கிறது. என்ன சொன்னான் என்று உனக்கு ஞாபகம் இருந்தால் எனக்குச் சொல்.

பிரேம்காரரிடம் அதைக் கொடுத்தேன். அவர் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "போனவங்க படத்துல இருக்கறவங்க இருந்தா நல்லா இருக்காதும்மா. அவங்களை வெட்டிட்டு உங்க பையனை மட்டும் பெரிசு பண்ணித் தரேன்" என்றார்.

"அவளை வெட்டிட்டா, அவன் அப்புறம் வெறும் சுவத்தையா பாத்துட்டு நிப்பான்?" என்றேன்.

அவர் டேப்பை எடுத்தார். பழைய கண்ணாடி பத்தாது, அகலமாக வேறு வெட்ட வேண்டும் என்று அளவெடுத்துக்கொண்டு போனார். ஜூனில் தருகிறாராம். டிக்கெட் எடு.

உன்
அத்தை